மின்கிட்டாரின் ஒலி அளவைக் கட்டுப்படுத்துதல்: இசைப்போரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு மாலை, பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். இரவில் படுத்தவுடன் இடது காதில் ‘ஙொய்’ என்ற ஓசை கேட்பதாகவும், மூன்று மாதங்களாகத் தூக்கமில்லை என்றும் கூறினார். கைப்பேசியை அளவுக்கு மீறிப் பார்ப்பதே காரணம் என்பது தாயாரின் கருத்து. நரம்புத் தளர்ச்சி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வைட்டமின் மாத்திரைகளுக்குக் கணிசமான பணத்தையும் செலவிட்டிருந்தனர். அவருடைய பொழுதுபோக்கை விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. தேவாலயப் பாடகர் குழுவிலும் கல்லூரி இசைக்குழுவிலும் அவர் மின்கிட்டார் வாசிக்கிறார். சன்னல்கள் அடைக்கப்பட்ட ஒரு சிறிய அறையில் வாரத்துக்கு நான்கு நாள்கள் பயிற்சி நடக்கிறது. இடப்புறம் டிரம்ஸ், முதுகுக்குப் பின்னே ஆம்ப்ளிஃபையர். செவித்திறன் பரிசோதனையில் இடது காதின் வரைகோடு 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் பள்ளமாக இறங்கியிருந்தது. பேரொலியால் ஏற்படும் பாதிப்பின் அடையாளம் அது.

“இதற்கு மருந்து உண்டா?” என்று தாயார் கேட்டார். இழந்ததைத் திரும்பத் தரும் மருந்து இல்லை என்றே நான் சொல்ல வேண்டியிருந்தது. கிட்டாரை விட்டுவிட வேண்டுமா என்று மகன் கேட்டார். வேண்டியதில்லை. ஒலி அளவைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தால் போதுமானது. அதை உங்களுக்கு விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம்?

ஒலியின் வலிமை டெசிபல் என்ற அலகால் அளக்கப்படுகிறது. இந்த அலகு சாதாரண எண்களைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினால் காதைத் தாக்கும் ஒலி ஆற்றல் இரு மடங்காகும். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். ஆனால் அந்தப் பத்து மடங்கு ஆற்றலை நம் செவி ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாக மட்டுமே உணர்கிறது. ஒலி சற்றுதான் கூடியது என்று தோன்றும்போது செவியின் சுமை பல மடங்கு ஏறியிருக்கும். ஆபத்து தொடங்குவது இந்த ஏமாற்றத்தில்தான்.

பணியிடங்களுக்காக அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதாகும். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி, 91 டெசிபலில் 2 மணி, 94 டெசிபலில் 1 மணி. 100 டெசிபலை எட்டும்போது 15 நிமிடங்களே மிஞ்சும். பொழுதுபோக்காகக் கேட்கும் இசைக்கு உலக சுகாதார நிறுவனம் இன்னும் கண்டிப்பான வரம்பை வகுத்துள்ளது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். 90 டெசிபல் என்றால் பெரியவர்களுக்கும் வாரம் முழுமைக்கும் 4 மணி நேரமே. ஒரே மாலைப் பயிற்சியில் இந்த வாராந்திர அளவு தீர்ந்துபோவது அரிதன்று.

இவற்றை அளக்கக் கருவி வேண்டும் என்று எண்ணித் தயங்க வேண்டாம். ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடத்தின் ஒலி 85 டெசிபலை நெருங்கியிருக்கலாம் அல்லது கடந்திருக்கலாம். கைப்பேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலிகளும் ஓரளவு உதவும். கைப்பேசியை உங்கள் காதின் உயரத்தில் பிடித்து அளவிடுங்கள். மிகுந்த சத்தத்தைக் கைப்பேசியின் ஒலிவாங்கி குறைத்துக் காட்டக்கூடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

திருகு எங்கெங்கே இருக்கிறது?

நாதஸ்வரத்திலோ தவிலிலோ ஒலியைக் குறைக்கும் திருகு கிடையாது. மின்கிட்டாரின் நிலை வேறு. கெட்டியான மரப்பலகையால் ஆன அதன் உடல் தானாக ஒலியைப் பெருக்குவதில்லை. மின்னிணைப்பு இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்கும் கேட்காது. உலோகக் கம்பியின் அதிர்வை, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ‘பிக்கப்’ மின்னலையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது. ஸ்பீக்கர் மீண்டும் ஒலியாக்குகிறது. ஆகவே மின்கிட்டாரின் சத்தம் முழுவதும் மனிதர் தெரிவு செய்வதே. மருத்துவர் என்ற முறையில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி இது. தொழிற்சாலைத் தறியை மெதுவாக ஓட்டச் சொல்ல என்னால் இயலாது. ஆம்ப்ளிஃபையரைக் குறைக்கச் சொல்ல இயலும்.

முதல் திருகு கிட்டாரிலேயே உள்ளது. பலர் அதைத் தொடுவதேயில்லை. முழு அளவில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாற்றுவர். மாறாக, ஆம்ப்ளிஃபையரை மிதமாக அமைத்துக்கொண்டு, துணையிசையின்போது கிட்டார்த் திருகைக் குறைத்தும் தனி வாசிப்பின்போது கூட்டியும் பழகினால், மொத்தப் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியில் காதுக்கு ஓய்வு கிடைக்கும். இத்திருகைக் குறைக்கும்போது பல கிட்டார்களில் ஒலியின் கூர்மையும் மங்கிவிடும். அந்த மங்கலை ஈடுகட்டவே பலர் மீண்டும் சத்தத்தைக் கூட்டுகின்றனர். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கூறினால், ‘ட்ரெபிள் ப்ளீட்’ எனப்படும் சிறு மின்தேக்கியை இணைத்து இக்குறையைச் சரிசெய்வார். செலவு மிகக் குறைவு.

இரண்டாவதாக ஆம்ப்ளிஃபையரில் உள்ள ‘கெயின்’, ‘மாஸ்டர்’ என்ற இரு திருகுகள். இவற்றின் வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசியம். ராக் இசைக்குரிய கரகரப்பான ஒலி, அதாவது டிஸ்டார்ஷன், மின்னலையை அளவு மீறிப் பெருக்குவதால் பிறக்கிறது. பழைய வால்வு ரேடியோவை முழு அளவில் வைத்தால் ஒலி உடைந்து கேட்கும் அல்லவா, அதே தத்துவம்தான். ஒரே ஒரு திருகு மட்டும் இருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் இந்த ஒலியைப் பெற, சத்தத்தை உச்சத்துக்குக் கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை. ‘சத்தமாக வாசித்தால்தான் நல்ல ஒலி வரும்’ என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. இரு திருகுகள் உள்ள கருவியில் கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறைத்தால், கரகரப்பு இருக்கும், சத்தம் இராது. வால்வுக் கருவியை விரும்புவோர், ஸ்பீக்கருக்கு முன் ‘அட்டெனுவேட்டர்’ என்ற ஆற்றல் குறைப்பானை இணைத்துப் பயன்படுத்தலாம். ஒரு முன்னெச்சரிக்கை: சத்தத்தைத் தவிர்ப்பதற்காக வால்வு ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கக் கூடாது, அதன் மின்மாற்றி பழுதாகிவிடும்.

கருவி வாங்கும்போது கடைக்காரர் கூறும் வாட் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாக மிகுந்த திறன் உடையவை. 1 வாட் மின்னாற்றலிலேயே ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 97 டெசிபல் ஒலியைத் தரும் ஸ்பீக்கர்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அத்தகைய ஸ்பீக்கரில் 5 வாட் என்பது ஏறத்தாழ 104 டெசிபல். 50 வாட் என்பது 114. 100 வாட் என்பது 117. மேற்சொன்ன கால வரம்புகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 97 டெசிபலுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரமே பாதுகாப்பானது. படுக்கையறையில் பயிற்சி செய்யும் மகனுக்கு 50 வாட் கருவி தேவையில்லை என்று பெற்றோர் துணிந்து கூறலாம். 10 வாட்டுக்குப் பதிலாக 5 வாட் வாங்கினால் சத்தம் பாதியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 3 டெசிபல் மட்டுமே குறையும். வாட் எண்ணிக்கையைவிடத் திருகு நிற்கும் இடமே முக்கியம்.

இனி, ஆம்ப்ளிஃபையரை வைக்கும் இடம். இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி, டார்ச் விளக்கின் ஒளியைப் போல நேராகப் பாயும்; பக்கவாட்டில் பரவுவது குறைவு. தரையில் வைத்த ஆம்ப்ளிஃபையருக்கு முன் நிற்பவரின் முழங்காலுக்கே அந்த ஒலி செல்கிறது. தம் ஒலி தெளிவாகக் கேட்கவில்லை என்று அவர் சத்தத்தைக் கூட்டுகிறார். எதிரே நான்கு மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் முகத்தில் அது நேராக மோதுகிறது. கருவியை நாற்காலி மீது வைத்தோ, பின்னோக்கிச் சாய்த்தோ, ஒலி உங்கள் தலையை நோக்கி வருமாறு அமையுங்கள். பெரும்பாலோர் உடனடியாகத் தாமே சத்தத்தைக் குறைத்துவிடுவர். ஆனால் இவ்வாறு திருப்பிவிட்டுப் பழைய அளவிலேயே வாசித்தால் தீமை கூடும் என்பதையும் மறக்கலாகாது.

சத்தம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

பயிற்சி தொடங்கும்போது சரியாக இருந்த அளவு, ஒரு மணி நேரத்துக்குப் பின் போதாமல் தோன்றும். கிட்டாரில் எந்த மாற்றமும் நேரவில்லை. உங்கள் செவி களைத்திருக்கிறது. பேரொலியைக் கேட்டபின் கேட்கும் திறன் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள்கள் வரை குறைந்திருக்கும். இதைத் தற்காலிகச் செவித்திறன் குறைவு என்கிறோம். அந்நிலையில் சத்தத்தைக் கூட்டுவது, களைத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பதற்கு ஒப்பாகும். இடைவேளை விடுங்கள், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே செல்லுங்கள். தொடக்கத்தில் திருகுகள் நின்ற இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முடிக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். குழுவில் யார் கூட்டினார் என்ற விவாதத்துக்கும் அது தீர்வாக அமையும்.

மற்றொரு காரணம் டிரம்ஸ். அதன் இயல்பான சத்தத்தை ஈடுகட்டக் கிட்டார் ஏறும். கிட்டாரை ஈடுகட்டக் கீபோர்டு ஏறும். இறுதியில் பாடகரின் குரல் கேட்காது. இந்த ஏணியைக் கீழிருந்துதான் இறக்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர் மெல்லிய குச்சிகளையோ தூரிகைகளையோ பயன்படுத்துவதும், அறையில் தடித்த திரைச்சீலை, ஜமக்காளம் ஆகியவற்றை இடுவதும், கிட்டார் வாசிப்பவர் சிம்பல் தட்டுகளிலிருந்து விலகி நிற்பதும் கண்கூடான பயன் தரும்.

செவிக்குள் என்ன நிகழ்கிறது?

உட்காதில் காக்ளியா எனப்படும் நத்தை வடிவ உறுப்பு உள்ளது. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,500 மயிரிழைச் செல்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 3,500 செல்கள் ஒலியை நரம்புக்குக் கடத்துகின்றன. மற்றவை ஒலியைக் கூர்மைப்படுத்துகின்றன. பேரொலி இவற்றின் நுண்ணிய இழைகளை வளைத்து, நாளடைவில் செல்களையே அழித்துவிடுகிறது. கோழி முதலிய பறவைகளுக்கு இச்செல்கள் மீண்டும் வளரும். மனிதருக்கு வளர்வதில்லை. முதலில் பாதிக்கப்படுவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்சுருதிப் பகுதி. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் தெளிவு இப்பகுதியைச் சார்ந்தது. அதனால்தான் பாதிக்கப்பட்டவர், “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை” என்று கூறுவார். வீட்டார் அதைக் கவனக்குறைவு என்று தவறாக எண்ணிவிடுவர்.

தற்காலிகக் குறைவு மறைந்துவிட்டால் பாதிப்பு இல்லை என்று முன்னர் கருதப்பட்டது. சுண்டெலிகளில் 2009 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, கேட்கும் அளவு முழுமையாக மீண்ட பின்னரும் செல்லுக்கும் நரம்புக்கும் இடையேயான இணைப்புகள் நிலையாக அழிந்திருப்பதைக் காட்டியது. எனவே, ‘நேற்றுக் காது அடைத்தது, இன்று சரியாகிவிட்டது’ என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள்.

ஹெட்ஃபோன் பாதுகாப்பானதா?

வீட்டில் குழந்தைகளும் முதியோரும் உள்ளபோது ஹெட்ஃபோன் மூலம் பயிற்சி செய்வது அண்டை வீட்டாருக்கு நல்லது. வாசிப்பவரின் காதுக்கு அது தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது. இங்கிலாந்தின் ‘தி ஹூ’ குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் இதற்குச் சான்று. அக்குழு 1976 இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் நடத்திய நிகழ்ச்சி, 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் என்று அளக்கப்பட்டு, மிகச் சத்தமான இசைநிகழ்ச்சியாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. செவிக்குக் கேடு விளைவிக்கும் போட்டியை ஊக்குவிக்கக் கூடாது என்று கின்னஸ் பின்னர் அப்பிரிவையே கைவிட்டது. அத்தகைய மேடைகளைக் கண்ட டவுன்ஷெண்ட், தம் செவித்திறன் இழப்புக்கும் காது இரைச்சலுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்ஃபோனில் உரத்த சத்தம் கேட்டதையே முக்கியக் காரணமாகப் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார்.

ஹெட்ஃபோனை அணியும் முன் திருகைச் சுழியத்தில் வைத்து, பின்னர் மெல்லக் கூட்டுங்கள். மேடையில் காதுக்குள் பொருத்தும் மானிட்டர் பயன்படுத்துவோர் இரு காதுகளிலும் அணிய வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வரும். மற்றதன் ஒலியைக் கூட்டத் தோன்றும்.

காதடைப்பான்கள்

பஞ்சு வைத்துக்கொள்வதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் மலிவானது. சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஆயினும் உயர்சுருதி ஒலிகளை அதிகமாகக் குறைப்பதால் இசை மந்தமாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டியுடன் தயாரிக்கப்படுபவை எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கின்றன. விலை சற்று அதிகம். நுரை வகையை அணியும் முறை: கைகளைக் கழுவி, அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறுபுறக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்கவும். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் துளை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

காசநோய்க்காக அமிக்காசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். இம்மருந்துகளே உட்காதைப் பாதிக்கக்கூடியவை; பேரொலியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மருந்தை நிறுத்தாதீர்கள், சத்தமான பயிற்சியைச் சிகிச்சைக் காலத்தில் தவிர்த்து, உங்கள் மருத்துவரிடமும் கூறிவிடுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வாசித்தபின் காதடைப்போ இரைச்சலோ ஏற்பட்டு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், கூட்டத்தில் பேச்சு புரியாவிட்டால், அல்லது சாதாரண ஓசைகளே வேதனை தரும் அளவுக்கு உரத்துக் கேட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணுங்கள். ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அது அவசர நிலை. அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். சில வகைத் திடீர் இழப்புகளுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. அதன் பலன் நாள் கடக்கக் கடக்கக் குறையும். தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் இரைச்சல், இதயத் துடிப்போடு ஒத்து ஒலிக்கும் இரைச்சல் ஆகியவற்றையும் தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும். இவற்றுக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

காது இரைச்சலை அடியோடு நீக்கும் மாத்திரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். காதில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். எனினும், துன்பத்தைக் குறைக்க வழிகள் உள்ளன. முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தோன்றும் என்பதால், உறங்கும்போது மின்விசிறி ஓசை போன்ற மெல்லிய ஒலி இருப்பது உதவும். ஆலோசனைச் சிகிச்சையும், செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியும் பலனளிக்கின்றன. பெரும்பாலோருக்கு நாளடைவில் மூளை அவ்வோசையைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிக்கொள்கிறது. இரைச்சலால் மனச்சோர்வு மிகுந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். வீட்டார் அதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கலாகாது. அவ்வோசை மற்றவர்க்குக் கேட்பதில்லையாயினும், அவருக்கு அது இரவு முழுவதும் கேட்கிறது.

நான் முதலில் குறிப்பிட்ட மாணவர் இப்போதும் வாசிக்கிறார். ஆம்ப்ளிஃபையர் நாற்காலிக்கு ஏறியிருக்கிறது. அவர் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. வடிகட்டி உள்ள காதடைப்பானை அணிகிறார். இரைச்சல் முற்றிலும் நிற்கவில்லை. உறக்கம் வருகிறது என்றார். ஓராண்டுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் வரைகோட்டின் பள்ளம் மேலும் ஆழமாகவில்லை.

செவித்திறன் பரிசோதனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது. தேசியக் காது கேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சேவைகளைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் பேரொலியைத் தவிர்த்துவிட்டு வாருங்கள். இல்லையேல் தற்காலிகக் குறைவு நிலையான இழப்பைப் போல் தோன்றும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள், ஆம்ப்ளிஃபையர் எந்தப் பக்கத்தில் உள்ளது, எந்தெந்த மருந்துகளை உட்கொள்கிறீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரவும்.